பாட்டிலில் மிஞ்சிய மூன்றாவது கொட்டை

நாதாங்கிக்குத் தெரியாமல் எங்கள் பள்ளிக்குள் பேய்கூட நுழைந்ததில்லை. நுழைந்திருந்தால் அதற்கும் ஒரு புளியங்கொட்டை போட்டிருப்பார்.

திருச்சுழி போகும் சாலையில், ஊரைவிட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளி, சீமைக்கருவேலம் சூழத் தனியாக நிற்கிறது எங்கள் உயர்நிலைப் பள்ளி. நான் அதன் எழுத்தர். நாதாங்கி காவலாளி. எந்நேரமும் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். அவருடைய சொந்தப் பெயரில் கடிதம் வந்தால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார்.

கேட்டருகே ஓர் ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தார். பெரியவர்கள் யார் உள்ளே வந்தாலும் அதில் ஒரு புளியங்கொட்டை விழும். வந்தவர் வெளியே போனால் ஒன்று குறையும்.

"பிள்ளைகளுக்கு டீச்சர்மாரு அட்டெண்டன்ஸ் எடுக்காக. மத்தவுகளுக்கு யாரு எடுப்பா?" என்பார்.

மாலையில் எனக்கும் தலைமை ஆசிரியைக்கும் உரிய இரண்டு கொட்டைகள் மட்டும் மிஞ்சிய பிறகே கடைசி அறையைப் பூட்டுவார். பதினான்கு கதவுகள். ஒவ்வொன்றையும் பூட்டிவிட்டு, பலகையில் காதை வைத்து ஒரு நிமிடம் நிற்பார்.

"என்னய்யா கேக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கல சார்."

அந்த 'இதுவரைக்கும்' வீடு வரை என் முதுகில் ஊர்ந்துகொண்டு வந்தது.

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரியின் ஜீப்பை மறித்துவிட்டார். "நாலு பேர்" என்றார் அதிகாரி. "அஞ்சு" என்றார் நாதாங்கி. அதிகாரி கத்தினார். நாதாங்கி பின்கதவைத் திறந்தார். பழைய கோப்புக் கட்டுகளுக்கு நடுவே அலுவலக உதவியாளர் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஏறியது அதிகாரிக்கே தெரியாது.

இன்னொரு நாள் கணக்கு ஆசிரியர் தாமதமாக வந்து, சுற்றுச்சுவரின் உடைந்த மூலை வழியாக வகுப்புக்குள் நழுவிவிட்டார். கரும்பலகையிலிருந்து திரும்பினால் வாசலில் நாதாங்கி, அசையாமல் நிற்கிறார். "சார் இன்னும் வரலை. கேட்டுக்கு வந்து, உள்ள வாங்க." நாற்பது பிள்ளைகள் பார்க்க அந்த மனிதர் வெளியே போய், மறுபடி உள்ளே வந்தார்.

புதிதாக வந்த தலைமை ஆசிரியைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆளில்லாத அறையில் காது வைத்துக் கேட்கும் மனிதரைக் கண்டு இளம் ஆசிரியைகள் பயந்தார்கள். ஒரு பங்குனி மாத வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"அவரை நிப்பாட்டிருவோம் சார். லெட்டர் டைப் பண்ணுங்க. சாயங்காலம் நானே குடுக்கேன்."

டைப் செய்து மேசை இழுப்பறையில் வைத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் அந்த மனிதரை இனி எந்த வாசலும் கூப்பிடப்போவதில்லை என்பது தெரிந்துதான் டைப் செய்தேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

அடுத்து மூன்று நாள் விடுமுறை. ஐந்தே முக்காலுக்குப் பதின்மூன்று அறைகள் பூட்டியாகிவிட்டன. ஆய்வகம் மட்டும் பாக்கி. அதன் வாசலில் பாட்டிலோடு நின்றார் நாதாங்கி.

"மூணு கிடக்கு சார்."

"எண்ணிக்கை தப்பியிருக்கும்" என்றேன். என் பார்வையாளர் பதிவேட்டில் அன்று வந்த எல்லோரும் வெளியேறியிருந்தார்கள். கடைசியாக ஆய்வகத்து வயரிங் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன். அவருடைய பைக் ஹெல்மெட் போட்ட ஆளோடு கேட்டைத் தாண்டியதைச் சன்னல் வழியே பார்த்து, 3.40 என்று நானே எழுதியிருந்தேன்.

"அப்ப மிச்சம் யாரு?" என்றார் தலைமை ஆசிரியை.

"கொட்டைக்கு முகம் ஏதும்மா? ஆனா ஒரு ஆளு உள்ள இருக்கு."

கழிப்பறை, மாடிப்படி, பூட்டிய அறைகளின் சன்னல் எல்லாம் தேடினோம். ஆய்வகத்துக்குள்ளும் போனோம். கூட்டுகிற அம்மா மேசைகளை ஒழுங்காகச் சுவரோரம் போட்டிருந்தார். மூலையில், பரணுக்குக் கீழே, உயிரியல் பாடத்துக்கான எலும்புக்கூடு தொங்கியது. வேறு யாருமில்லை.

"பூட்டுங்க. எனக்கு பஸ்ஸு போயிரும்."

"மாட்டேம்மா."

"இதுக்குத்தான் சொன்னேன் சார். அந்த லெட்டரை எடுத்துட்டு வாங்க."

நாதாங்கி என்னைப் பார்த்தார். எந்த லெட்டர் என்று கேட்கவில்லை. சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். "நீங்களே பூட்டுங்க சார். நான் பூட்டுனதா இருக்க வேண்டாம்."

நான் பூட்டினேன். வராந்தாவில் காற்று நின்றிருந்தது. நாதாங்கி பலகையில் காதை வைத்தார். இந்த முறை ஒரு நிமிடம் தேவைப்படவில்லை.

"மூச்சு விடுது" என்றார்.

தலைமை ஆசிரியை சன்னல் பக்கம் திரும்பினார். உள்ளே எலும்புக்கூட்டின் வலது கை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி ஆடியது. அவர் என் தோளைப் பிடித்த பிடி நான்கு நாள் வலித்தது. அப்போதுதான் பார்த்தேன். எலும்புக் கையை இன்னொரு கை தொட்டுக்கொண்டிருந்தது. பரணிலிருந்து இப்போதுதான் சரிந்து தொங்கிய, சதையுள்ள கை.

எலக்ட்ரீஷியன் மேசைமேல் ஏறிப் பரணுக்குப் போயிருக்கிறார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் வெக்கையில் மயங்கிவிட்டார். அது தெரியாமல் கூட்டுகிற அம்மா அந்த மேசையையும் சுவரோரம் தள்ளிவிட்டார். அவருடைய மச்சான் நடந்தே வந்து, வயர் வாங்க அருப்புக்கோட்டைக்குப் பைக்கை எடுத்துப் போயிருக்கிறான். பைக் வழியில் நின்றுவிட்டது. இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் போனார். நாதாங்கி தலையை எண்ணினார். நான் வண்டியை எண்ணினேன்.

கதவைத் திறந்து, கீழே இறக்கித் தண்ணீர் தெளித்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம். கண் திறந்த அந்த ஆளிடம் நாதாங்கி, "போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போய்யா, மனுசன் எண்ணிக்கிட்டு நிக்கேன்ல?" என்று அதட்டினார். ஆட்டோ கேட்டைத் தாண்டியதும் மூன்றாவது கொட்டையை எடுத்தார்.

மூன்று நாள் என்று எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அந்த லெட்டர்..." என்றார் தலைமை ஆசிரியை.

"டைப் ஆகலை மேடம்" என்றேன். அந்தப் பள்ளியில் நான் சொன்ன முதல் பொய்.

நாதாங்கி இப்போது வேலையில் இல்லை. வயதாகி, மரியாதையோடு, மாலை போட்டுத்தான் போனார். புதிய காவலர் நல்லவர். பூட்டுகளும் புதிது, கேமராவும் இருக்கிறது. என்றாலும் மாலையில் கடைசி ஆளாக கேட்டைத் தாண்டும்போது, நான் வெளியே வந்துவிட்டேனா என்று எனக்கே சரியாகத் தெரிவதில்லை.