கடைசல் இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கோரி மைத்துனருக்கு

துன்னேவிக்,
ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய மைத்துனர் ஓலுஃப் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ரிக்மோரின் கணவன் தொர்கில் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ரிக்மோரும் ஒருவாறு நலம். தங்கள் முழங்காலும் புது அடுக்குமாடி வீடும் தங்களோடு ஒத்துப்போகின்றன என்று நம்புகிறேன். சென்ற பிப்ரவரியில், பண்ணையைக் காலி செய்தபோது தாங்கள் அன்போடு அனுப்பிவைத்த மரக்கடைசல் இயந்திரத்தை, அதே அன்போடு வரும் சனிக்கிழமை டிரெய்லர் கொண்டுவந்து திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்கவே இக்கடிதம். கோபம் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தாங்களே புரிந்துகொள்வீர்கள்.

முதலில், 'ரெண்டு பேர் பிடிச்சா தூக்கிரலாம், மாப்ள' என்று தாங்கள் சொன்னீர்கள். அந்த இரண்டு பேர் யார் என்று சொல்லவில்லை. நானும் பக்கத்து வீட்டு எஸ்கிலும் பிடித்தோம். பனி உருகி ஊறிப்போயிருந்த புல்தரையில் இறக்கிவைத்து மூச்சு வாங்கிய இடைவெளியில் அதன் வார்ப்பிரும்புக் கால்கள் நான்கும் ரிக்மோரின் துலிப் பாத்தியில் முழங்கால் ஆழம் இறங்கிவிட்டன. பன்னிரண்டு நாள் அங்கேயே நின்றது. தபால்காரர் அதைச் சிற்பம் என்று நினைத்துப் பாராட்டினார். பிறகு அதைக் கழற்றிக் கழற்றித்தான் கொட்டகைக்குக் கொண்டுபோக முடிந்தது. கழற்றியவற்றைச் சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து வரிசையாக அடுக்கி, எது எங்கிருந்து வந்தது என்று எழுதிய சீட்டுகளை ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். ரிக்மோர் காற்றுக்காக ஜன்னலைத் திறந்தாள். அறுபத்து மூன்று சீட்டுகளில் நான்கு வீட்டுக்குள் கிடைத்தன. அன்றுமுதல் மூன்று வாரம் நாங்கள் ரொட்டித் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தங்களுக்குத் தெரியும், நவம்பரில் தேவாலயப் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டதிலிருந்து அவள் பேச்சே குறைந்துவிட்டது. கட்டு பிரித்த பிறகும் கை நடுங்குகிறது. முப்பத்தொரு வருடம் அந்தத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவள், இப்போது காப்பிக் கோப்பையை இரு கையாலும் பிடிக்கிறாள். வீட்டுப் பியானோவின் மூடியைத் திறப்பதே இல்லை. அந்த அமைதியில் உட்கார முடியாமல்தான் நான் இந்த இரும்போடு மல்லுக்கு நின்றேன் என்று தங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

துருவை எடுக்க வினிகரில் ஊறவைக்க வேண்டும் என்று எங்கோ படித்தேன். முப்பது லிட்டர் வாங்கப் போனபோது கடைக்காரம்மா, "எத்தன வெள்ளரிக்கா ஊறப்போடப் போறீங்க, ஊருக்கே விருந்தா?" என்றார். ஊறவைக்கப் பெரிய பாத்திரம் எங்கள் வீட்டில் குளியல் தொட்டி ஒன்றுதான். நான்கு நாள் ரிக்மோர் துண்டை எடுத்துக்கொண்டு எஸ்கில் வீட்டுக்குக் குளிக்கப் போனாள். அந்த நான்கு நாளில்தானா எங்கள் தேவாலயப் பாதிரியம்மா எல்லினோர் வரவேண்டும்! வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஹெர்ரிங் மீன் ஊறுகாயா? எனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைங்க" என்றவர், உள்ளே வந்து குரலைத் தாழ்த்தி, "ரிக்மோர், பெந்தெகொஸ்தே திருநாளுக்கு ஆர்கன் வாசிப்பீங்களா? உங்களுக்குப் பதிலா வர்ற பையன் எல்லாப் பாட்டையும் ரயில் பிடிக்கிற மாதிரி வாசிக்கிறான்" என்று கேட்டார். "கை கேக்கல, வேற ஆளப் பாருங்க" என்றாள் தங்கள் தங்கை. அவ்வளவுதான். பாதிரியம்மா போன பிறகு தொட்டியில் ஊறிய இரும்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் சுழலும் தண்டில் கட்டையைப் பிடித்துவைக்கும் இரும்பு வட்டு கழல மறுத்தது. எண்ணெய் விட்டேன், தட்டினேன், கெஞ்சினேன், சூடு காட்டினேன். ஒன்பதாம் நாள் தானாகக் கழன்று என் கால்விரலில் விழுந்தது. எல்லாவற்றையும் பூட்டி, தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தபோது, தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரிக்மோர் குரல் கொடுத்தாள்: "இடதுபக்கத்து பேரிங் சுருதி சேரலைங்க. அரை ஸ்வரம் கீழ நிக்குது." கழற்றிப் பார்த்தேன். இடதுபக்கத்து பேரிங்கில் ஒரு குண்டு தேய்ந்திருந்தது. மைத்துனரே, நான் கப்பல் இயந்திர அறையில் நாற்பது வருடம் இருந்தவன். எனக்குக் கேட்கவில்லை.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும். பால்பண்ணையில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்ற எஸ்கில், "இதெல்லாம் நான் கண்ணைக் கட்டிக்கிட்டே செய்யிற வேலை" என்று முந்தைய நாளே கம்பிகளை இணைத்துவிட்டுப் போயிருந்தார். உண்மையிலேயே கண்ணைக் கட்டிக்கொண்டுதான் செய்தாரோ என்னவோ. ஞாயிறு மூன்று மணிக்கு ஒரு பிர்ச் மரக்கட்டையை வட்டில் திருகி, பொத்தானை அழுத்தினேன். அழகாகச் சுற்றியது. எதிர்ப்பக்கமாக. எதிர்ப்பக்கம் சுற்றினால் வட்டு தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். நினைவுக்கு வந்ததுதான் கொஞ்சம் தாமதம். கட்டையும் வட்டும் ஒன்றாகக் கீழே குதித்து, ஒரு கணம் நின்ற இடத்திலேயே சுழன்று, பிறகு முடிவெடுத்ததுபோலக் கதவு வழியே வெளியேறி, சரிவில் இறங்கி, வேலியைப் பிய்த்துக்கொண்டு எஸ்கில் தோட்டத்துக்குள் நுழைந்தது. அங்கே அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாள். ஏப்ரல் வெயிலை நம்பி, கொடிக்கம்பத்தடியில் மேசை போட்டு, குடும்பமே போர்வை போர்த்திக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தது. மேசையின் ஒரு கால் போயிற்று. மூன்றடுக்குக் கேக் எஸ்கிலின் மடிக்குப் போயிற்று. யாருக்கும் கீறல்கூட இல்லை.

நான் நொண்டிக்கொண்டே ஓடினேன். எஸ்கில் மீசையிலிருந்து கிரீமைத் துடைத்துவிட்டு, "யோவ் தொர்கில், பரிசைக் கையில கொண்டுவந்து குடுக்கிற வழக்கமே உங்க வீட்ல இல்லையா?" என்றார்.

"கம்பிய மாத்திக் குடுத்தது யாருய்யா?"

"அதான் பேசாம உக்காந்திருக்கேன்" என்றார்.

பின்னால் ஏதோ சத்தம். திரும்பினால் ரிக்மோர் பிய்ந்த வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை. கண்ணில் நீர் வழிய, உட்கார இடம் தேடிச் சிரித்தாள். நானோ குனிந்து மேசையடியைப் பார்த்தேன். அங்கே எஸ்கிலின் மூன்று வயதுப் பேத்தி இருந்திருக்கலாம். அன்று இரவே முடிவு செய்துவிட்டேன். இயந்திரம் இந்த வீட்டில் இருக்கக் கூடாது. என் முடிவு இறுதியானது. ரிக்மோரிடம் சொன்னதற்கு, "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள்.

எனவே சனிக்கிழமை தவறாமல் வாருங்கள். தங்கள் முழங்காலுக்கு எங்கள் இருவரின் அன்பும், தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எல்லா நலனும் உரித்தாகுக.

இப்படிக்குத் தங்கள் மீது இன்னமும் மதிப்புள்ள,
தொர்கில்

பின்குறிப்பு: தபால்தலை இல்லாததால் கடிதம் இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. இன்று நகரத்துக்குப் போய்த் தபால்தலை வாங்கித் திரும்பினால், கொட்டகையில் இயந்திரம் ஓடுகிறது. எஸ்கில் கம்பிகளைச் சரியாக மாற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். ரிக்மோர் முகக்கவசம் போட்டுக்கொண்டு, உளியைத் தாங்கியில் அழுத்தி, கிண்ணமா முட்டைக் கோப்பையா என்று சொல்ல முடியாத ஒன்றைக் கடைந்துகொண்டிருக்கிறாள். தலைமுடியெல்லாம் மரச்சுருள். நான் அவள் மணிக்கட்டைத்தான் பார்த்தேன். அசையவில்லை. "கட்ட சுத்தும்போது கைக்கு நடுங்க நேரமில்லைங்க" என்றாள். பிறகு, திரும்பாமலே, "பாதிரியம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். பெந்தெகொஸ்தேக்கு ஒரே ஒரு பாட்டு. அதுவும் மெதுவான பாட்டு" என்றாள். எனவே டிரெய்லரைக் காலியாகக் கொண்டுவர வேண்டாம். தாங்கள் வெட்டிப்போட்ட பேரி மரத்தை முழுவதும் ஏற்றிவாருங்கள். எனக்கு இங்கே இப்போதைக்கு மரச்சுருள் பெருக்கும் வேலைதான். அதிலும் மூலைகளை விட்டுவிடுகிறேனாம்.