ஓராள் கம்பெனியில் இரண்டு ஆள்

தனியாளாகத் தொழில் நடத்திக்கொண்டு கும்பலாகப் பேசும் மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'எங்க கம்பெனி', 'எங்க நிர்வாகம்', 'எங்க பாலிசி' என்பார். கடைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் அவர். கம்பெனி அவ்வளவுதான். இந்த இனத்துக்கு 'ஓராள் கும்பல்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் தெரு சோபாக்காரர் இந்த இனத்தின் சிகரம். கிழிந்த சோபாவுக்கு உறை தைப்பவர். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். "முதலாளிகிட்ட கேட்டுட்டு வரேன் சார்" என்று திரைக்குப் பின்னால் போவார், தண்ணீர் குடிப்பார், கனைப்பார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார். "ஒத்துக்க மாட்டேங்கிறார் சார். நானா இருந்தா குடுத்துருவேன்." யார் அந்தக் கல்நெஞ்சக்கார முதலாளி? சாட்சாத் இவரேதான்!

இந்தக் கூத்து வாடிக்கையாளரோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நாளடைவில் ஆசாமி தானே இதை நம்பத் தொடங்கிவிட்டார். வரிக் கணக்கு தாக்கல் செய்யும் காலம் வந்தால் மனைவி ஞாபகப்படுத்துவார். "அது கம்பெனி சமாச்சாரம், கம்பெனி பாத்துக்கும்" என்பார் இவர். கடையில் ஞாபகம் வந்தாலோ, "அது வீட்டு சமாச்சாரம், வீட்ல போய்ப் பாத்துக்கலாம்" என்று ஊசியில் நூல் கோப்பார். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் பல வருஷக் கணக்கு அனாதையாக நின்றது.

அப்போதுதான் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து ஆர்டர் வந்தது. காத்திருப்பு அறை நாற்காலிகள் அத்தனைக்கும் புது உறை! அதை நம்பித்தான் மகளைக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தார். மருத்துவமனை ஒன்றே ஒன்றுதான் கேட்டது: வரிக் கணக்கு தாக்கல் செய்த ரசீது, வெள்ளிக்கிழமைக்குள்.

மனைவியோடு வரி அலுவலகத்துக்கு ஓடினார்.

"எங்க கம்பெனிக்கு ஒரு வரி எண் போடுங்க மேடம். எனக்குத் தனியா ஏற்கெனவே இருக்கு."

"கம்பெனில யார் யாரு?" என்றார் கவுன்டரில் இருந்த அம்மாள்.

"நாங்கதான்."

"நாங்கன்னா?"

"நான்."

"அப்போ உங்க எண்தான் கம்பெனிக்கும். ஒரே ஆள் நடத்துற தொழில்ல நீங்க வேற, கம்பெனி வேற இல்ல சார். வருஷா வருஷம் உங்க பேர்லயே தாக்கல் பண்ணியிருக்கணும். பாக்கியெல்லாம் முடிச்சாத்தான் ரசீது."

"நான் அங்க வேலை பாக்குறவன்தான் மேடம். முதலாளிதான்..."

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "நிஜமாவே ரெண்டு பேர் இருந்திருந்தா, ஒருத்தருக்காவது புத்தி இருந்திருக்குமே!"

பழைய கணக்கையெல்லாம் கூட்டி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது. நாற்காலிகள் வேறொரு கடைக்குப் போயின. வீட்டில் வந்து, "எங்க கம்பெனிக்குச் சின்ன சறுக்கல்" என்று ஆரம்பித்தார். மகள் கேட்டாள்: "என் காலேஜுக்கு யாருப்பா பொறுப்பு? கம்பெனியா, நீங்களா?"

"நான்தாம்மா" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆமாம், உங்கள் கணக்கு என்ன ஆயிற்று? 'அதெல்லாம் நம்ம ஆள் பாத்துக்குவார்' என்கிறீர்களா? மிக்க மகிழ்ச்சி. அந்த ஆளை ஒருமுறை சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். 'என்ன?' என்று உங்கள் வாயே பதில் சொன்னால், கடைசித் தேதி என்றைக்கு என்று உடனே விசாரித்துக்கொள்வது நல்லது.