என் அப்பாவின் லாரிக்குச் சக்கர நட்டு இல்லாதது பற்றி

ஸ்பால்டிங், லிங்கன்ஷயர்
செவ்வாய், 6 மே 1997

பழைய ராணுவ வண்டிப் பிரியர் சங்கச் செய்தி மடலின் ஆசிரியர் திரு. ஹெதரிங்டன் அவர்கள் சமூகத்துக்கு,

பன்னிரண்டு ஆண்டு உறுப்பினன் டெஸ்மண்ட் ஆப்பிள்கார்த் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நானும் மனைவி மொரீனும் நலம். தங்கள் முழங்காலும் தங்கள் வண்டியின் கியர்பாக்ஸும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மடலின் 'இது எந்த வண்டி?' பகுதியில், நான் நகலெடுத்து அனுப்பிய, என் அப்பா ராணுவ லாரியின் பக்கத்தில் நிற்கும் படத்தைப் போட்டு, 'இப்படியொரு லாரியை உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் செய்யவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அந்த லாரியை என் அப்பா ஓட்டினார். படத்தின் அடியில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது: 'நானும் என் லாரியும், சஃபோக், 1944 மே. நாலு நாள் வேலை.' நாலு நாள் ஓட்டினேன் என்பதை ஒரு மனிதன் இதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவான்? வரும் சனிக்கிழமை அணிவகுப்புக்கு என் லாரிக் கதவில் அப்பாவின் பெயரை எழுத இருந்தேன். போர்க்காலப் படத்தில் வண்டியின் ரகம் உறுதியானால்தான் பெயர் எழுதலாம் என்பது சங்க விதி. தங்கள் ஒரு வரியால் அது போயிற்று.

பதினொரு வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து என் லாரியை அதே மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறேன். லென்ஸ் வைத்து எண்ணினால் படத்தில் முகப்புக்கு ஒன்பது கம்பி, என் வண்டிக்கு எட்டு, சரி என்று ஒன்றைக் கூடுதலாகப் பற்றவைத்தேன், ரேடியேட்டர் ஓட்டையாகி மொரீனின் ட்யூலிப் பாத்தி முழுக்க வெந்துபோயிற்று. படத்தில் ஹெட்லைட் கண்ணாடி மினுங்கவில்லை, கழற்றினேன், உள்ளே குருவி கூடு கட்டிவிட்டது, குஞ்சு பறக்கும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று மொரீன் சொல்லிவிட்டாள், ஆறு வாரம் வீண். படத்தில் சக்கரத்துக்கு ஒரு நட்டுகூட இல்லை. நட்டில்லாமல் ஓட்டிப் பார்த்தேன். அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை, பாதிரியாரின் வேலியைத் திரும்பக் கட்டிக் கொடுத்தாயிற்று. ஈரப் புல்லில் டயர்த் தடமே இல்லையே என்று கேட்பீர்கள். எவ்வளவு பக்குவமாக ஓட்டியிருக்கிறார், பாருங்கள்.

இதில் நம் செயலாளர் பாப்பிள்வெல் வேறு. போன ஞாயிறு தேநீர்க் கூடாரத்தில் எல்லார் முன்னாலும், "உங்கப்பாவா லாரி ஓட்டினாரு? சைக்கிள்லயே நேராப் போகத் தெரியாத மனுஷன்யா அவரு" என்கிறான். அப்பாவிடம் லைசென்ஸ் கிடையாது, வாஸ்தவம்தான். போருக்குப் பிறகு சாகும்வரை நாடகக் கொட்டகையில் காட்சித் திரை வரைந்துகொண்டிருந்தார். லாரி ஓட்டின கதையைச் சொல்லுங்கப்பான்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். சிரிப்பார், பேச்சை மாத்திடுவார். பள்ளிக்கூடத்துல மத்த பசங்க எங்கப்பா டாங்கி, எங்கப்பா விமானம்னு அளப்பானுங்க. எனக்கு இருந்தது இந்த ஒரு லாரிதான் ஐயா. அதையும் நீங்க பிடுங்கிக்கிட்டா நான் எங்க போவேன்?

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் திருத்தம் வெளியிட வேண்டும். தவறினால் என் லாரியைச் சங்க வாசலில் குறுக்கே நிறுத்துவேன். அதை யாராலும் நகர்த்த முடியாது, என்னாலேயே முடியவில்லை. சாட்சிக்கு அசல் படத்தையே இத்துடன் அனுப்புகிறேன்.

தங்கள் வீட்டார் எல்லாரும் சுகமாக இருக்கவும், தங்கள் கண்ணுக்கு இனியாவது நல்ல பார்வை வாய்க்கவும் வேண்டிக்கொள்ளும்,
டெஸ்மண்ட் ஆப்பிள்கார்த்

பி.கு.: படத்தை அனுப்பவில்லை. மொரீன் அதைச் சட்டத்திலிருந்து கழற்றினாள், பின்னால் இன்னொரு படம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே வயல், அதே லாரி. நாலு மூலைக்கு நாலு பேர் நின்று அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அடியில் வெறும் மரச்சட்டமும் கித்தானும்தான். முன் மூலையில் அப்பா, வாயில் பெயின்ட் பிரஷ். மொரீன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உங்கப்பா லாரி ஓட்டலை டெஸ்மண்ட். லாரியை வரைஞ்சிருக்கார்" என்றாள்.

மேலே பறக்கிற ஜெர்மன்காரன் பார்த்து ஏமாறட்டும் என்று செய்த பொய் லாரி. வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு இருந்திருக்கும், பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். ஓட்டினேன் என்றும் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. உட்கார்ந்து அழுதேன். ஜெர்மன்காரன் சில வாரம் ஏமாந்திருப்பான், நான் ஐம்பது வருஷம்.

திருத்தம் வேண்டாம், தாங்கள் எழுதியது சரி. ஆனால் பெயரை எழுதியே தீருவேன், விதிப்படி ரகம் உறுதியாகிவிட்டது: கித்தான் லாரி. தொழிற்சாலை: என் அப்பா. கித்தானும் பெயின்டும் வாங்கியாயிற்று. இன்றைக்குச் செவ்வாய், சனிக்கிழமைக்கு நாலு நாள் வேலை. அணிவகுப்பில் தூக்கிப் போக ஒரு மூலைக்கு நான், ஒரு மூலைக்கு மொரீன், படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு மூலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான் பாப்பிள்வெல். நாலாவது மூலை காலியாக இருக்கிறது. முழங்கால் எப்படி இருக்கிறது?