ஒழுகாத குடை

வடக்கே, வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஒரு நாடு இருந்தது. ஒருகாலத்தில் அதுவும் அதைச் சுற்றியிருந்த சீமைகளும் ஒரே பெருங்குடையின் கீழ் இருந்தன. குடை மிகப் பெரியது. அதைப் பிடிப்பதற்கே ஜனங்களில் பாதிப்பேர் வேண்டியிருந்தது. பிடிக்காதவர்கள் யார் என்று பார்ப்பதற்கு மீதிப்பேரை வைத்திருந்தார்கள். திடீரென்று ஒருநாள் குடை கிழிந்தது. சீமைகள் ஒவ்வொன்றாகத் தம் வழியே போயின.

அன்று தெருவில் இறங்கி ஆடியவர்களில் தேமொழியும் ஒருத்தி. அவளுடைய அப்பா குழல் வாசிப்பவர். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு மழைநாளில், "குடை ஒழுகுது போலிருக்கே" என்று யாரிடமோ சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாள் குடைக்காவலர்கள் வந்து அழைத்துப் போனார்கள். செங்கல் சூளைக்குப் பின்னாலிருந்த பைன் காட்டில், வேறு பலரோடு நிற்கவைத்துச் சுட்டுப் புதைத்தார்கள்.

ஆனால் குடை போன பிறகு வெயில் வரவில்லை, ஆலங்கட்டி மழைதான் வந்தது. நெசவாலை மூடியது. பழைய காவலர்களே அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி இரும்புக்கடையில் போட்டார்கள். வேலை இழந்த தேமொழி கைக்குழந்தையோடு சந்தையில் உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கு விற்றாள். எங்காவது பழைய குடைப்பாட்டு கேட்டால் அவளுக்கும் கண் கலங்கும். அப்பாவைக் கொன்றவர்களின் பாட்டுக்கு எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அந்தப் பாட்டு ஒலித்த காலத்தில் அவள் இளமையாக இருந்தாள், மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அவ்வளவுதான்.

பல வருடங்களாக ஊரெல்லாம் பெருகிய அந்தக் கண்ணீரைக் கவனித்து வைத்துக்கொண்ட ஒருவர் 'குடைமீட்பர்' என்ற பட்டத்தோடு அரசர் பதவிக்கு நின்றார். குடவோலை முறைப்படி தேர்தல் நடந்தது. வேண்டும் என்போருக்கு ஒரு குடம், வேண்டாம் என்போருக்கு ஒரு குடம். இரண்டாவது குடத்துக்கு வாய் வைக்கக் குயவர் மறந்துவிட்டார். குடைமீட்பர் அமோகமாக வென்றார்.

பழைய குடை ஒழுகியதே இல்லை என்பது அவருடைய முதல் ஆணை. அதன்பின் ஒழுகுகிறது என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கவில்லை. கூரை ஒழுகியவர்கள் கொத்தனாரைக் கூப்பிடப் பயந்து வீட்டுக்குள் நனைந்துகொண்டு தூங்கினார்கள். குடையின் கீழ் இறந்த எவரையும் குடை கொல்லவில்லை, எல்லாரும் பகைவரால் இறந்தவர்களே என்றது அடுத்த ஆணை. இதற்கு மாறாகச் சொல்பவர் குற்றவாளி, அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவரும் குற்றவாளி என்று மூன்றாவது ஆணை வந்தது. மக்கள் சாப்பாட்டு வேளையில்கூடப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பிறகு நினைவுத் துறையின் தலைவர் பெருஞ்சாத்தன், காவலர்கள் புடைசூழத் தேமொழியின் வீட்டுக்கு வந்தார்.

"அம்மையே, மகிழ்ச்சியான செய்தி. தங்கள் தந்தையார் தென்கரைப் பகைவரால் கொல்லப்பட்டதைத் துறை கண்டறிந்துள்ளது. இனி அவர் தியாகி."

தேமொழி மெதுவாகக் கேட்டாள்: "தென்கரைச் சீமை அப்ப நம்ம குடைக்குள்ளதானே இருந்துச்சு ஐயா?"

"ஆகையால்தான் அது துரோகமாகிறது" என்றார் பெருஞ்சாத்தன். அவர் பின்னால் நின்ற காவலர்களைப் பார்த்தாள் தேமொழி. அதற்குமேல் கேட்கவில்லை.

அந்த வாரமே அவளைச் சதுக்கத்து மேடையில் ஏற்றிப் பதக்கம் குத்தினார்கள். கூட்டம் கைதட்டியது. அவள் மகன் எழினி முன்வரிசையில் நின்று அழுதான். தச்சுவேலை செய்யும் சாதுவான பையன் அவன். தாத்தா எப்படிச் செத்தார் என்று அவனிடம் அவள் சொன்னதேயில்லை. தெரியாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்திருந்தாள்.

குளிர் விட்டதும் தென்கரையை மீட்கப் படை திரண்டது. எழினி தானாகவே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

"தாத்தாவைக் கொன்னவங்களைச் சும்மா விடலாமா அம்மா?" என்றான்.

தேமொழி கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். அவன் முகத்தை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க கொல்லலடா. நம்ம காவலருங்கதான் கொன்னாங்க. சூளைக்குப் பின்னாடி. சும்மா ஒரு வார்த்தை சொன்னதுக்கு."

எழினியின் முகம் வெளுத்துப்போனது. கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் பயந்துபோய்க் கதவைத்தான் பார்த்தான்.

"ஏம்மா என்கிட்ட சொன்ன?" என்றான் மெல்ல. "இப்ப நானும் கேட்டவனாயிட்டேனே."

துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். படைக்குப் போகிறானா, துறைக்குப் போகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள்.

யாரும் வரவில்லை. அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் அவன் இறந்த செய்திதான் வந்தது.

மறுபடியும் மேடை. மறுபடியும் பெருஞ்சாத்தன். "தியாகியின் மகள், இன்று தியாகியின் தாய்! இரு மடங்கு பாக்கியசாலி!" என்று முழங்கிவிட்டு, அவளைப் பேச அழைத்தார். பேச வேண்டியதை முன்னமே மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள்.

தேமொழி முன்னால் வந்தாள். கூட்டத்தில் எழினி வயதுப் பையன்கள் புதுச் சீருடையில் நிற்பதைப் பார்த்தாள்.

"எங்கப்பாவைச் சுட்டது தென்கரைக்காரங்க இல்ல" என்றாள்.

சதுக்கத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் காதுகளைப் பொத்திக்கொண்டார்கள். சீருடைப் பையன்கள் பொத்திக்கொண்டார்கள். காவலர்கள் கையிலிருந்த வேல்கள் நழுவி விழுவதையும் பாராமல் பொத்திக்கொண்டார்கள். பெருஞ்சாத்தனும் பொத்திக்கொண்டார். பிடியுங்கள் என்று கத்தினால் கேட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும். கத்தினாலும் கேட்பதற்கு ஆளில்லை.

அதனால் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சூளையை, காட்டை, அப்பாவை, தான் முதல்முறை இதே மேடையில் வாயை மூடிக்கொண்டு நின்றதை, அதற்குப் பலியான மகனை. சொல்லி முடித்துவிட்டுக் கீழே இறங்கி நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையன்களில் சிலருடைய விரல்கள் மட்டும் காதுகளிலிருந்து சற்றே தளர்ந்திருந்ததை அவள் கவனித்தாள்.

மறுநாள் காலையில் அவள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் முரசுச் சத்தம் கேட்டது.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், தியாகியின் தாயாகிய தேமொழி அம்மையார் இன்று அதிகாலையில் தென்கரைப் பகைவரால் படுகொலை செய்யப்பட்டார்…"

அகப்பையைக் கையில் பிடித்தபடி அதைக் கடைசிவரை கேட்டாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரையை இழுத்துவிட்டாள். தேமொழி அடுப்பைத் தணித்தாள். கதவு தட்டப்பட்டது.

வாசலில் பெருஞ்சாத்தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் காவலர்கள்.

"அறிவிப்பு சற்று முந்திவிட்டது அம்மையே" என்றார் பணிவாக. "பொறுத்தருள வேண்டும்."