மயிலில் கரைந்த தாய்மாமனை மீட்ட படலம்

கொண்டை ஊசி வளைவுகளே கோட்டை மதிலாய்ச் சூழ்ந்த கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுக் கடைவீதியின் ஒற்றை அறையை ஆண்டவள், நிழற்படத்தில் இமை மூடியோர்க்கு விழி ஈந்தவள், வழுக்கைக்கும் முடிசூட்டிய வள்ளல், ஸ்டூடியோ பூங்குழலி வாழ்க!

அன்னவள் புகழுக்கு ஒரே மாசு, கணினியில் படத்தின்மேல் படமாய் அடுக்கும் லேயர்களுக்குப் பெயரிடாமை. மயிலாத்தாள் மகனின் காதுகுத்துப் பேனரில் மயில் ஒரு லேயர், மாலை ஒரு லேயர், மாமன் ஒரு லேயர் எனப் பெரும்படை திரண்டு நின்றும், அத்தனைக்கும் 'லேயர் காப்பி' என்பதே பெயர். எது எதுவென்று அறியாது சினந்தவள், அனைத்தையும் ஒன்றாக்கும் 'மெர்ஜ்' என்னும் பேரஸ்திரத்தை ஏவினாள், சேமித்தாள், மூடினாள்.

அக்கணமே மாதிரித் தாளை ஏந்தி மயிலாத்தாள் தோன்றினாள்.

"ஏனுங்க கண்ணு, எங்கண்ணன் மூஞ்சி இத்துனூண்டு இருக்குதே! பங்காளிகள விடச் சின்னதாப் போட்டா அவரு மலையேறி வரமாட்டாருங்க. மாமன் மடியில்லாம பையனுக்கு எப்படிக் காது குத்தறது?"

பூங்குழலியின் நெஞ்சில் இடி இறங்கியது. மாமன் வெங்கிடுசாமியோ மீசையால் தோகையோடும் தோளால் மாலையோடும் இரண்டறக் கலந்து, பிரிக்கவொண்ணா அத்வைத நிலை எய்தியிருந்தார். மூலப்படத்தை முந்தின நாளே அவள் அழித்திருந்தாள்.

"வேற படம் இருக்குங்களா அக்கா?"

"அது ஒண்ணுதானுங்க. செல்லு மாத்துனதுல போயிருச்சு."

மூண்டது போர்! அடிவாரத்து அச்சகத்துக்குப் பென்டிரைவைச் சுமக்கவேண்டிய பேருந்து வெளியே சங்கநாதமென ஹாரன் முழக்க, மவுஸையே வாளாய்ப் பற்றியவள், களிற்றின் வாயினின்று கரும்பை மீட்பாள்போல, தோகையினின்று மீசையை மயிர் மயிராய் மீட்டாள். காதோரம் ஒரு பசுமை மட்டும் எத்துணை அறுத்தும் அகலவில்லை. இருந்தும் மாமனைப் பங்காளிகளினும் பெரியவராய் ஓங்கச் செய்து, 'தாய்மாமன்' என அந்த லேயருக்குப் பெயர் பொறித்து, "இனி என் கணினியில் பெயரற்றார் எவருமிலர்!" என்று சூளுரைத்து, நகரத் தொடங்கிய பேருந்தின் பின்னே பென்டிரைவோடு பறந்தாள்.

காதுகுத்தன்று மலையேறி வந்த வெங்கிடுசாமி, வானளாவிய தம் திருவுருவின் முன் நெடுநேரம் நின்றார், மீசையைத் தடவினார், பச்சைக் காதைக் கண்டும் காணாதவராய், மருமகனை மடியில் இருத்தினார். குழந்தையின் வீறிடலே வெற்றி முரசாய் மலையெங்கும் அதிர்ந்தது.

மறுநாள் அந்தப் பேனரை விரித்து மிளகு காயப்போட்டார்கள்.