மீசை போன விபரம்

ரெட்டிபாளையம்,
8.9.2004

அன்பும் பண்பும் மிக்க மச்சான் பிரேம்குமார் அவர்களுக்கு, மாமா வேணுகோபால் எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் அக்கா பரிமளா, மகள் தமிழரசி ஆகியோர் நலம். நலம் என்று எழுதும்போது என் மேலுதட்டை அதில் சேர்க்கவில்லை. துபாயில் தாங்களும் நலமாகவே இருப்பீர்கள். பெட்டியை அனுப்பிவிட்டு ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன குறை வரப்போகிறது? மச்சான், மரியாதையாக ‘தாங்கள்’ என்றுதான் ஆரம்பித்தேன். இதற்கு மேல் பேனா ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன், வருத்தப்படாதே. கவரில் அரியலூர் மாவட்டம் என்று அச்சடித்திருப்பதையும் கண்டுகொள்ளாதே. நம்மை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். பழைய கவர் தீருகிற வரைக்கும் இதில்தான் எழுதியாக வேண்டும்.

நீ கொடுத்தனுப்பிய பெட்டியை லெப்பைக்குடிக்காடு காதர் பாட்சா பாய் வீடு தேடி வந்து கொடுத்தார். திறந்து பார்த்தால் டப்பா, டியூப், பாட்டில், சீசா. பாதியில் அரபி, பாதியில் இங்கிலீஷ், எல்லாவற்றிலும் ஒரு பொம்பளை சிரிக்கிறாள். “எது எதுக்குன்னு சொல்லிட்டுப் போங்க பாய்” என்று கேட்டேன். “எனக்கு அத்தர் ஒண்ணுதாண்ணே தெரியும். மத்ததையெல்லாம் எங்க வூட்லயே என்னைத் தொட வுடமாட்டாங்க” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் புத்திசாலி.

உன் அக்காவும் மகளும் அன்று சோறு பொங்கவில்லை. கூடத்தில் கடை பரப்பிவிட்டார்கள். எனக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன் மச்சான், முகம் கழுவ ஒன்று, கழுவின முகத்தைத் துடைக்க ஒன்று, துடைத்த முகத்துக்கு ஈரம் கொடுக்க ஒன்று என்றால், முதலில் இருந்த ஈரத்தை ஏன் துடைத்தார்கள்? உதட்டு நிறத்திலேயே உதட்டுச் சாயம் ஒன்று அனுப்பியிருக்கிறாயே, அதற்கு உதடே போதாதா? நகத்தில் பூச ஒரு பாட்டில், பூசினதை அழிக்க இன்னொரு பாட்டில். சும்மா இருந்தால் இரண்டுமே மிச்சம். வெயில் படாமல் இருக்க ஒரு கிரீமாம். ரெட்டிபாளையத்துக்காரனுக்கு அது எதற்கு? சிமெண்ட் ஃபேக்டரி லாரி எடைமேடையில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளாக ஒவ்வொரு லாரியும் எனக்கு இலவசமாக அதைத்தான் பூசிவிட்டுப் போகிறது. இதையெல்லாம் சொன்னால், “அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது” என்கிறாள் மகள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நின்றுபோன ஒரு பேண்ட் அனுப்பியிருந்தாயே, அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றுதான் இதைச் சொல்கிறாள். துணி பற்றவில்லையா என்று கேட்டேன். அதுதான் ஃபேஷனாம்.

இந்தக் கிரீம் சங்கதியால் எனக்கு ஏற்கெனவே ஒரு காயம் இருக்கிறது என்பது உனக்கே தெரியும். பொங்கலுக்கு ஆண்டிமடத்திலிருந்து அப்பா வந்திருந்தபோது தமிழரசி கண்ணாடி முன்னால் நின்று சிவப்பாக்கும் கிரீம் பூசிக்கொண்டிருந்தாள். “இருக்கிற நெறத்துக்கு என்ன கேடு? அது எம் பொண்டாட்டி நெறம்” என்றார் அப்பா. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஒங்க காலம் வேறப்பா” என்றேன். அவ்வளவுதான். கரும்பைக்கூடக் கடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. ஆண்டிமடம் கடைத்தெருவில் நின்று, “நான் செத்தாலும் எம்மவன் மீசையை எடுக்க மாட்டான், அவ்வளவு அழகு பாக்குற பய” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் நானாகப் போய்க் கூப்பிட ரோஷம் விடவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் தமிழரசிக்குத் திருமானூர் சம்பந்தம் கூடிவந்தது. பையனை அவளுக்கும் பிடித்துவிட்டது. பையனின் அப்பா நல்லுசாமி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “நிச்சயதார்த்தத் தட்டை ஒங்கப்பா வைரக்கண்ணு கையாலதான் வாங்குவோம். பெரியவரு இருக்கையில நீங்க மாத்துனா எங்க ஜனம் ஒருமாதிரி பேசும்.” வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். ஆள் அனுப்பினேன், அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். நான் தூக்கம் கெட்டு அலைகிறேன். அந்த நேரம் பார்த்து உன் பெட்டி வந்தது.

பெட்டிக்குள் தலைக்கு அடிக்கிற சாயமும் இருந்தது. “சம்பந்தி ஒங்களவிட மூத்தவரு, அவரு தலை கருகருன்னு இருக்கு. நீங்க பக்கத்துல நின்னா பொண்ணோட தாத்தான்னு நெனைப்பாங்க” என்றாள் உன் அக்கா. என் தலையில் எது நரை, எது சிமெண்ட் என்று எனக்கே தெரியாது. அவளுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. சரியென்று உட்கார்ந்தேன். தலைக்கும் மீசைக்கும் சேர்த்துப் பூசிவிட்டாள். தலை கறுத்தது. அதோடு நெற்றி, இரண்டு காது, மேலுதடு எல்லாம் கறுத்தன. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். தோல்தான் எரிந்தது, கறுப்பு அசையவில்லை. உன் அக்கா பெட்டியைக் குடைந்து ஒரு டியூபை எடுத்தாள். அட்டையில் ஒரு பொம்பளையின் கால், கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. “பாருங்க எப்படிப் பளிச்சுன்னு இருக்கு! கறையெல்லாம் போயிடும். மொதல்ல மேலுதட்டுல மட்டும் வச்சுப் பாப்போம்” என்றாள். மீசைக்கு மேலேயும் கீழேயும் தாராளமாக அப்பினாள். ஊசிப்போன முட்டை நாற்றம். வெளிநாட்டுச் சாமான் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டு டி.வி.யில் செய்தி பார்த்தேன். செய்தி முடிந்து துண்டால் துடைத்தேன். கறை அப்படியே இருந்தது. மீசை துண்டில் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நான் வளர்த்த மீசை, மச்சான். அந்த டியூப், பொம்பளைகள் கால் முடியை எடுக்கிற கிரீமாம். இடது பக்கம் சுத்தமாகப் போய், வலது பக்கம் பாதி தொங்கியது. மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, நானே பிளேடு போட்டு எடுத்தேன். விடிந்தபோது மேலுதடு வெந்து வீங்கி, வாயைத் திறந்தால் உயிர் போனது. நெற்றிக் கறுப்பும் காதுக் கறுப்பும் தெரியாமல் இருக்கத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஃபேக்டரிக்கு லீவு சீட்டு கொடுத்தனுப்ப முக்கத்துக்குப் போனேன். அங்கே டீக்கடை முத்துசாமி என்னைப் பார்த்துக் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

நீயே யோசித்துப் பார். நம் பக்கத்தில் மீசைக்காரன் ஒருவன் மீசையை எடுத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றால் என்ன அர்த்தம்? துண்டுக்குள்ளே மொட்டை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். “அய்யா எப்பண்ணே போனாரு?” என்று முத்துசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். “தாங்கிக்க முடியாதுதாண்ணே, இருந்தாலும் மனசத் தேத்திக்கணும்” என்று சொல்லிக் கடை ஷட்டரை இழுத்துவிட்டார். நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் திருமானூருக்கும் சொல்லிவிட்டார். ஃபேக்டரி ஆட்கள் ஆளுயர ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, எடுப்புக்கு நேரமாகிவிடும் என்று எனக்குக்கூடச் சொல்லாமல் வேன் பிடித்து ஆண்டிமடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

முக்கத்தில் துக்கம் விசாரிக்கச் சூழ்ந்துகொண்டவர்களிடமிருந்து தப்பித்து நான் வீடு திரும்புவதற்குள் நல்லுசாமி வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறார். கூட அவர் சம்சாரம். அக்கம்பக்கத்துப் பெண்கள் உன் அக்காவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். உன் அக்கா, “எங்க மாமனாரு நல்லாத்தான் இருக்காரு” என்று கத்துகிறாள். “பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு” என்று அவர்கள் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். நான் ஒரு காகிதத்தில் ‘அப்பா உயிரோடு இருக்கிறார்’ என்று எழுதி நல்லுசாமியிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆமாங்க, மனசுல எப்பவும் உயிரோடதான் இருப்பாரு. ஆனா துக்கம் வுழுந்த வூட்ல வருஷம் திரும்பாம சுபகாரியம் பேசக் கூடாதுங்களே. பையன் அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. நாங்க வேற எடம் பாக்குறோம், தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார். கதவுக்குப் பின்னால் தமிழரசி விசும்புகிற சத்தம் எனக்குக் கேட்டது. பெற்ற மகளின் வாழ்க்கையை ஒரு டியூப் கிரீமில் கரைத்துவிட்டேன், மச்சான்.

அந்தப் பக்கம் ஆண்டிமடத்தில் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அப்பா வாசலில் முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். மாலையோடு வேன் வந்து நின்றதும், “யாருக்குடா மாலை?” என்று கேட்டிருக்கிறார். வந்தவர்கள் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் எவனோ ஒருத்தன், “வேணு அண்ணன் மீசையை எடுத்துட்டாருங்க, அதான்...” என்று இழுத்திருக்கிறான். “எம்மவனா? மீசையையா?” என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டாராம். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அதே வேனில் ஏறிவிட்டார்.

அவர் எங்கள் வாசலில் இறங்கியபோது ஒப்பாரி பாதியில் நின்றது. நல்லுசாமி சம்சாரம் அலறிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடிவிட்டார். நான் ஓடிப்போய் அப்பா காலில் விழுந்தேன். விழுந்த வேகத்தில் தலைத் துண்டு எங்கேயோ போனது. நல்லவேளை, எல்லோர் கண்ணும் அப்பா மேலேயே இருந்ததால் என் தலையை யாரும் கவனிக்கவில்லை. அழுதுவிட்டேன், மச்சான். நடிப்பில்லை. காலையிலிருந்து ஊரே அவருக்காக அழுததைப் பார்த்துப் பார்த்து, நிஜமாகவே அவர் போய்விட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே பயம் வந்துவிட்டது. ரோஷத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை மாதம் அவரைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று தோன்றியது. அப்பா என்னைத் தூக்கி நிறுத்தி, “எழுந்திரிடா. நான் எங்கேயும் போயிடல. யாரோ சொன்ன பொய்ய நம்பி எனக்காக மீசைய எடுத்துட்டியே, கிறுக்குப் பயலே” என்றார். பிறகு நல்லுசாமி பக்கம் திரும்பி, “ஞாயித்துக்கெழம தட்டை நான்தான் மாத்துவேன். வேற எடம் கீடம்னு பேச்சு வரக் கூடாது” என்றார். நல்லுசாமி, “அப்பனுக்காக இப்படி அழுவுற வூட்ல பொண்ணெடுக்கக் குடுத்து வச்சிருக்கணுங்க” என்று சொல்லிக் கும்பிட்டார். ஃபேக்டரிக்காரர்கள் அந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் வேனுக்கே போட்டுவிட்டார்கள்.

நான் உண்மையைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அன்றிலிருந்து அப்பா இங்கேதான் இருக்கிறார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, என் மேலுதட்டைக் காட்டிப் பெருமை அடிக்கிறார். கண்ணில் புரை விழுந்திருப்பதால் உதடு வெந்திருப்பதும் தலை கறுத்திருப்பதும் அவருக்குத் தெரியவில்லை. அதுவும் என் அதிர்ஷ்டம்தான். விஷயம் உனக்கும் எனக்கும் உன் அக்காவுக்கும் தமிழரசிக்கும் மட்டும்தான் தெரியும். ஃபோனில்கூட உளறிவிடாதே. பெட்டியில் மிச்சமிருந்த சனியன்களையெல்லாம் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் வீசிவிட்டேன். மூன்று நாளாக உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. இனிமேல் இந்த வீட்டுக்கு நீ ஒரு பவுடர் டப்பா அனுப்பினாலும் காதர் பாட்சா பாயோடு அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். இது சத்தியம்.

அப்பா நாளைக்குப் பட்டு வேட்டி எடுத்துவர ஆண்டிமடம் போகிறார். இதை அரியலூர் தபால் ஆபீசில் பசை போட்டு ஒட்டிப் பெட்டியில் சேர்க்கச் சொல்லி அவரிடமே கொடுத்துவிடுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கும் சீக்கிரம் நல்ல பெண் அமைய வேண்டும், அவள் முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்தால் போதும் என்கிற பெண்ணாக அமைய வேண்டும் என்று கல்லங்குறிச்சிக் கலியபெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
வேணுகோபால்

பி.கு.: தம்பி பிரேம்குமாருக்கு வைரக்கண்ணு எழுதுவது. தபால் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவர் திறந்திருந்தது, படித்துவிட்டேன். புரை இடது கண்ணில்தான், வலது கண் நன்றாகத் தெரிகிறது. துண்டு விழுந்தபோதே பார்த்துவிட்டேன். அப்பன் செத்ததற்கு மீசையை எடுத்துவிட்டுத் தலைக்கு மை அடித்துக்கொண்ட மகனை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை. ஆனால் அவன் அழுதது நிஜம். எனக்கு அது போதும். எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லாதே. பாவம், சந்தோஷமாக இருக்கிறான். அவன் குப்பையில் வீசியதில் நீலமூடி டப்பா ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். சிவப்பாக்கும் கிரீம் என்று பேத்தி சொன்னாள். காலில் பித்தவெடிப்புக்குப் போட்டேன், நன்றாகக் கேட்கிறது. அதில் இன்னும் இரண்டு காதர் பாட்சாவிடம் கொடுத்தனுப்பு. ஆண்டிமடம் விலாசத்துக்கு.