மணப்பெண் வண்டிக்கு நாலு வீல்

நட்டு இரண்டு சுற்று ஏறியது. மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டது.

கணக்கு வாத்தியார் கிங்ஸ்லி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் ஜாக்கி மேல் நின்ற தன் காரையும், அதில் மாட்டியும் மாட்டாமலும் தொங்கிய பளபள அலாய் வீலையும் மாறி மாறிப் பார்த்தார். வீலில் நாலு ஓட்டை. வண்டியில் நாலு போல்ட். நாலுக்கு நாலு சரியாக இருக்கும்போது ஒரு வீல் எப்படிச் சேராமல் போகும் என்பது அவர் கட்சி.

“நல்லா ஓடிட்டு இருந்த வீல எதுக்குங்க கழத்துதிய?” என்றாள் மனைவி கெசியா.

“ஓடுனா போதுமா? பொண்ணு ஏறிப் போற வண்டிடீ.”

கெசியாவின் கடைசித் தங்கை ஸ்வீட்லினுக்கு வியாழக்கிழமை உடன்குடியில் கல்யாணம். சேரன்மகாதேவியில் இருக்கும் மாமனார் வீட்டிலிருந்து பெண்ணை ஏற்றிப் போவது எந்த மருமகன் வண்டி என்று மாமனார் நேசையா இன்னும் வாய் திறக்கவில்லை. முறைப்படி பார்த்தால் மூத்த மருமகன் கிங்ஸ்லியின் வண்டி. ஆனால் இளைய மருமகன் எபியின் கார் புத்தம் புதியது. கிங்ஸ்லியின் கார் அவருடைய மாணவர்கள் சிலரைவிட வயதில் மூத்தது. எபி வந்த நாளிலிருந்து மாமனார் வீட்டில் தன் பேச்சு எடுபடவில்லை என்ற குறை கிங்ஸ்லிக்கு உண்டு. இந்த ஒரு கல்யாணத்திலாவது மூத்தவன் மூத்தவனாக முன்னால் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். பாவம், அதில் தப்பொன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மாமனார் ஊர்க் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. இத்தனை வருஷமாகக் கிங்ஸ்லி அதற்குப் போனதில்லை. இந்த வருஷம் நேசையாவே வலிய வந்து கூப்பிட்டார். சபையார் காணிக்கையாக வைக்கும் பொருள்களை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஆண்டவருக்குப் போகிறது என்பதாலும், பக்கத்து பெஞ்சுக்காரர் பார்க்கிறார் என்பதாலும், பூசணிக்காயை ஆட்டுக்குட்டி விலைக்கு எடுப்பார்கள். சேவலும் வாழைத்தாரும் போன பிறகு நாலு அலாய் வீல் வந்தது. எபி ஒரு விலை கேட்டார். கிங்ஸ்லி மேலே கேட்டார். எபி ஏற்றினார். கிங்ஸ்லி கொஞ்சம் தயங்கியபோது, பின் பெஞ்சிலிருந்து நேசையா காதோரம் குனிந்தார்.

“கர்த்தருக்குக் குடுக்கதுல ரோசன பண்ணப்பிடாது, மாப்ளே.”

அதற்கப்புறம் கிங்ஸ்லி யோசிக்கவே இல்லை. வீல் அவருக்கு விழுந்ததும் சபையே கைதட்டியது. பூசணிக்காய்க்குக்கூட அப்படித் தட்டவில்லை.

இப்போது நட்டு ஏறவில்லை. அலாய் வீலின் தடிமன் அதிகம். பழைய நட்டு இரண்டு சுற்று பிடிக்கத்தான் போல்ட் வெளியே எட்டியது. நீளமான நட்டு வேண்டுமென்று தச்சநல்லூரில் ஷேக் மைதீனின் உதிரிபாகக் கடைக்குப் போனார். பழைய நட்டைக் கொண்டு போகத் தோன்றவில்லை. பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து, அளவைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போனார். நட்டுக்குள் ஓடும் மரை நெருக்கமா, அகலமா என்று ஷேக் மைதீன் கேட்டார். மரை மரை மாதிரிதான் இருந்தது என்றார் கிங்ஸ்லி. அப்படியானால் இது எல்லா வண்டிக்கும் ஆகும் என்று அவரும் கூசாமல் ஒரு பையைத் தூக்கிக் கொடுத்தார்.

புது நட்டு பாதி வரை போய் இறுகிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. கிங்ஸ்லி ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். ‘டணக்’ என்றது. நட்டு கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டார். கழன்றது நட்டு மட்டுமல்ல, பாதிப் போல்ட்டும் கூடவே வந்திருந்தது.

மெக்கானிக் சங்கிலிபூதத்தானைக் கூப்பிட்டார். அவன் நாலு சக்கரத்துக்கும் புது போல்ட்டாக, நீளமாகவே போட்டான். அவன் கொண்டு வந்த நட்டு வெண்ணெய் மாதிரி ஏறியது. கிங்ஸ்லி தெருவில் ஒரு சுற்று ஓட்டினார். ‘டக் டக்’ என்றது. குனிந்து பார்த்தால், நட்டின் வாய் கூம்பாக இருந்தது. வீலின் குழியோ கிண்ணம் மாதிரி உருண்டை. எவ்வளவு முடுக்கினாலும் ஒன்றில் ஒன்று உட்காரவில்லை.

“வாஷர் போட்டா உக்காந்துரும் சார்,” என்றான் சங்கிலிபூதத்தான். அவன் சொன்ன தைரியத்தைப் பார்த்தால் வாஷர் போட்டால் வண்டி பறக்கும் போலிருந்தது.

புதன்கிழமை காலை சேரன்மகாதேவிக்குப் புறப்பட்டார்கள். வழியெல்லாம் நிறுத்தி இறங்கி நட்டை முடுக்கினார். புல்லுக்கட்டு வைத்த சைக்கிள் ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. ‘டக் டக்’ ‘கடகட’ ஆனபோது கெசியா ஜெபம் பண்ண ஆரம்பித்தாள்.

“நாளைக்கு இதுலதான் எந் தங்கச்சிய ஏத்தப் போறியளா?”

கிங்ஸ்லி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடியும் இறங்கினார்.

வண்டியைப் பார்த்ததும் நேசையா வேறெதுவும் கேட்காமல் முன் சீட்டில் ஏறினார். ஒரு சுற்று போகலாம் என்றார். வயலோரம் திரும்பும்போதே ஸ்டியரிங் கிங்ஸ்லியின் கையில் நடுங்கியது.

“இங்கன நிப்பாட்டும்,” என்றார் நேசையா. இறங்கினார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். பாவம், மனசு விட்டுப்போயிற்று போலிருக்கிறது என்று கிங்ஸ்லி நினைத்தார்.

அன்று மத்தியானமே டிக்கியில் கிடந்த பழைய நட்டோடு, பழைய வீல்களையும் எடுத்து மாட்டப் பார்த்தார். போல்ட் இப்போது நீளம். பழைய நட்டு, புது நட்டு இரண்டுக்குமே தலைப்பக்கம் மூடி. வீல் இறுகுவதற்கு முன்னாலேயே போல்ட் மூடியில் போய் இடித்து நின்றது. ஆக, புது வீலும் ஆகவில்லை, பழைய வீலும் ஆகவில்லை. வண்டி மாமனார் வீட்டு வாசலில் நாலு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தது. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் அத்தனை பேரும் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டே சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் ஸ்வீட்லின் எபியின் காரில் போனாள். மூத்த மருமகன் பலகாரப் பெட்டிகளோடு வேனில் போனார். உடன்குடியில் இறங்கியதும் எபி வந்து அவர் தோளில் கை போட்டு, “வுடுங்கண்ணே, வண்டின்னா அப்படித்தான் இருக்கும்,” என்றார். ஒரு கேலி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. கிங்ஸ்லிக்கு அதுதான் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. நல்ல மனுஷன்மேல் இத்தனை நாள் பொறாமைப்பட்டோமே என்றுகூட வருத்தப்பட்டார்.

கல்யாணம் முடிந்து, பழைய அளவுக்கே போல்ட்டை மாற்றி, பழைய வீலை மாட்டினார். அலாய் வீல்களை வீட்டுக்குக் கொண்டு போக மனசு வரவில்லை. சாக்கில் கட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத வெயில் நேரமாகப் பார்த்து மாமனார் ஊர்க் கோயிலுக்குப் போனார். பெயர் சொல்லாமல் காணிக்கையாக வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மட்டும் இருந்தார். சாக்கைப் பார்த்ததுமே சாவியை எடுத்தார். சாமான் அறையைத் திறந்துவிட்டார். தனக்கு ஒத்து வரவில்லை, அடுத்த பண்டிகையில் வேறு யாருக்காவது உதவட்டும் என்று கிங்ஸ்லி மென்று விழுங்கினார்.

உபதேசியார் அறை மூலையில் இடம் காட்டினார்.

“அங்கனயே பைய இறக்கி வைங்க சார். போன வருசம் எபி சார், ஓடவே மாட்டேன்னுட்ட பழைய வண்டிய வித்துட்டு, அதுல கெடந்த இதே வீல இங்கன கொண்டாந்து போட்டப்பவே, ‘அடுத்த பண்டிகைக்கு மூத்தவரக் கூப்பிட்டுரணும்’னு உங்க மாமனார் சொல்லிட்டுத்தான் போனாரு.”